என் முழங்கை வந்த நிகழ்ச்சி

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் லண்டனில் இருக்கும் எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் ஊருக்கு ரெலிபோன் எடுத்து, ஆருக்குப் புள்ளடி போடவேண்டும் என்று சொல்லாதவர்கள் குறைவு. ஊரிலும் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை இங்கத்தைய தமிழ் ரிவிக்காரர் கோயில் மண்டபத்துக்குக் கமராவோடு வந்தது அதற்குத்தான் என்று இப்போது விளங்குகிறது.

நானும் மச்சாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அன்னதானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சாள் என் கணவரின் தங்கை. லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது, அவருக்கு வாய் மூடாது.

மைக் முதலில் என்னிடம்தான் வந்தது.

"ஆர் வந்தாலென்ன தம்பி, ஊரிலை என்ரை தங்கச்சியின்ரை வீட்டுக் காணியை, அந்த வளவை, ஆமி பிடிச்சு வைச்சு இன்னும் விடேல்லை. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கினமில்லை" என்றேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. குழம்பு சீலையில் சிந்திவிட்டது.

"நன்றி அம்மா" என்று அவர் மைக்கை மற்றப் பக்கம் திருப்பினார்.

மச்சாள் ஒரு வேட்பாளரின் பேரைச் சொல்லி, "இந்த முறை எங்கட சனம் முழுக்க அவருக்குத்தான்" என்றார்.

"நல்லாயிருக்கு அன்ரி! அதையே இன்னொருக்காச் சிரிச்சுச் சொல்லுங்கோ."

எனக்கு அம்மா, அவருக்கு அன்ரி. எங்களுக்குள் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம்.

நிகழ்ச்சியில் மச்சாளின் முகம் திரை நிறைய வந்தது. ஓரத்தில் என் முழங்கை வந்தது. என் பேச்சு வரவில்லை. காலையும் மாலையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் எடுக்கப் போனால், கடைக்காரர் மச்சாளுக்குப் பிஞ்சாகப் பொறுக்கிக் கொடுக்கிறார். நான் முற்றலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"ரிவியிலை கொஞ்சம் குண்டாத் தெரியுறன், என்ன மச்சாள்? நீங்களும் கதைச்சனீங்கள்தானே, ஏன் உங்களைப் போடேல்லை?" என்று கடையிலேயே கேட்டார் மச்சாள்.

அன்று வாங்கிய முருங்கைக்காயை நான் சமைக்கவே இல்லை.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள். "அக்கா, மச்சாளின்ரை வீடியோ இங்கை எல்லாற்றை போனிலையும் வந்திட்டுது. லண்டன் சனமே அப்பிடிச் சொன்னா, நானும் அவருக்கே போடுவம் எண்டிருக்கிறன்."

வளவை இழந்தவள் அவள். அந்த வளவைப் பற்றி மைக்கில் சொன்னவள் நான். ஆனால் அவள் கேட்டது மச்சாளின் பேச்சை.

ஒருவேளை இந்த முறை என் பேச்சையும் போடுவார்களோ என்று ஒவ்வொரு தடவையும் ரிவிக்கு முன்னால் குந்தினேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. திரையில் கீழே ஓடுகிற எழுத்தை நான் கூட்டி வாசிக்குமுன் அது போய்விடும். இத்தனை தரம் பார்த்ததில் ஒருநாள் அந்த எழுத்து முழுவதும் பிடிபட்டது. 'இது கட்டணம் பெற்று ஒளிபரப்பப்படும் தேர்தல் விளம்பரம்.'

மச்சாளிடம் போய்க் கேட்டேன். "விளம்பரமோ? எனக்கு ஒருத்தரும் ஒரு தேத்தண்ணி கூடத் தரேல்லையே!" என்று அவர் வாயில் கைவைத்தார். பொய்யில்லை, அவருக்கும் தெரியாது.

தங்கச்சிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"உன்னைப் போடேல்லை எண்ட எரிச்சலிலை சொல்லுறாய் அக்கா."

"ஓம், எரிச்சல்தான். ஆனா எழுத்து ஓடுது. பார்."

"எங்களுக்கு வந்ததிலை எழுத்து ஒண்டும் இல்லையே. மச்சாளின்ரை முகம் மட்டும்தான்."

அனுப்பியவர்கள் கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை அந்த விளம்பரம் போனபோது என் போனை ரிவிக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்தபடி, அந்த எழுத்தைச் சத்தமாக வாசித்தேன். கடைசியில், "என்ரை தங்கச்சியின்ரை வளவைப் பற்றி நான் சொன்னதை இவை வெட்டிப்போட்டினம்" என்றும் சொன்னேன். எங்கள் குடும்பக் குறூப்பில் போட்டேன்.

தங்கச்சி உடனே எடுத்தாள். "இப்பதான் அக்கா வாசிச்சனான். நான் யோசிச்சுப் போடுறன்" என்றாள். ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.

மச்சாளும் அதைப் பார்த்துவிட்டு எடுத்தார். "நல்ல காரியம் மச்சாள். ஆனா இதிலையும் நான்தானே முழுசாத் தெரியுறன்!"

உண்மைதான். திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் குரல் கேட்கிறது. ஓரத்தில் அதே முழங்கை.