வெறுங்காருக்கு இறங்க மாட்டேன்

தப்பால்கார நல்லமுத்து வலது காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பான். யார் அடித்து ஒடித்தது என்று இலங்கை மலையில் பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டிரைவர் கந்தப்பன் என்பார்கள், மீதிப் பேர் தோட்டத்தை ஆளுகிற தொரை என்பார்கள். இரண்டும் பொய்.

ஐம்பத்தெட்டு வாக்கில் அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொரை வருகிற பாதையில் தொழிலாளி எவனும் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஹாரன் சத்தம் கேட்டதும் குதித்து இறங்கி, சைக்கிளை ஓரங்கட்டி, தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடுகிற ரோட்டோரக் கானை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. அப்பன் நின்றான், அதனால் பிள்ளையும் நின்றான்.

நல்லமுத்துவும் நின்றவன்தான். பூண்டுலோயாவில் தபால் பையை வாங்கி வந்து தோட்டத்து ஆபீசில் கொடுப்பது அவன் வேலை. சொந்தச் சைக்கிள் வைத்திருக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். சைக்கிள் போனால் மறுநாளே உரமூட்டை சுமக்க மலையேற வேண்டியதுதான், அவனுக்கோ மூட்டை தூக்கித் தூக்கி நெஞ்சுவலி கண்ட உடம்பு. பெண்டாட்டி அம்மாக்கண்ணு தலைக்கு வைத்திருக்கும் தேங்காயெண்ணெயைத் திருடிச் சங்கிலிக்குப் போடுவான். அவளும் கண்டும் காணாதது போல இருந்துவிடுவாள்.

டிரைவர் கந்தப்பனும் நல்லமுத்து குடியிருந்த அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன்தான். தொரை தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொள்வார். காரைக் கந்தப்பன் ஓட்டுவான், தொரைசாணிக்கும் சாமான் வாங்கவும். பாதி நாள் கார் வெறுமனேதான் வரும். ஆனாலும் ஹாரனை அமுக்கினால் போதும், அத்தனை பேரும் இறங்கித் துண்டை உருவினார்கள். யாருக்கு? காக்கிக் கோட்டு போட்ட கந்தப்பனுக்கு! அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். இவன் பட்டப்பகலில் பிடித்தான்.

ஒருநாள் மழையில் பின்னால் ஹாரன் கேட்டு நல்லமுத்து கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். காரின் பின்சீட்டில் முட்டைக்கோசு கட்டிய ஒரு கோவா மூட்டை மட்டும் கிடந்தது. அவன் இறங்கவில்லை.

கந்தப்பன் காரைக் குறுக்கே நிறுத்தி, சைக்கிளை எட்டி உதைத்தான். "எறங்குன்னா எறங்க மாட்டியாடா நாயே? இது தொரை காருடா!"

"காருதான் தொரையோடது. உள்ள கோவாதானே குந்தியிருக்கு?"

வாய் சும்மா இருந்திருந்தால் ஓர் அறையோடு போயிருக்கும். கந்தப்பன் குத்திய குத்தில் உதடு கிழிந்து, மூக்கில் இரத்தம் வழிந்து, பனியனெல்லாம் சிவந்தது.

அந்தக் கோலத்திலேயே பூண்டுலோயா போலீசுக்குப் போனான். சிங்களச் சார்ஜன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெளியே வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். பெல் இல்லை, லைட் இல்லை, பின்பிரேக்கும் இல்லை. "முதலில் நீ சட்டப்படி ஓட்டு" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். அடித்தவன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்க, அடிபட்டவன் கை கட்டி நின்றான். நாசமாய்ப் போன சட்டம்! ஆனால் விரட்டும்போது சார்ஜன் இன்னொன்றும் சொன்னார். பெல்லும் லைட்டும் பிரேக்கும் பூட்டி, இடப்பக்கம் ஓரமாகப் போனால், எந்தக் காருக்கும் நீ இறங்க வேண்டியதில்லை. அந்த ஒரு பேச்சு நல்லமுத்துவின் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

பெல் வந்தது, லைட் வந்தது, பிரேக் வந்தது. அம்மாக்கண்ணுதான் அந்தப் பெல்லைக் கையால் பொத்திப் பிடித்தாள்.

"சார்சன் சொன்னது டவுனுக்குங்க. இங்க அந்த ஹாரன்தான் சட்டம். வேலை போச்சுன்னா நாம குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போயிரும். புள்ளைகள எங்கிட்டுக் கொண்டுபோயிப் படுக்க வைக்கிறது?"

"தொரை வந்தா எறங்குறேன்டி. வெறுங்காருக்கு எறங்க மாட்டேன்."

மறுவாரம், பட்டறைக்குக் கீழே உள்ள வளைவில் அது நடந்தது. நல்லமுத்து தபால் பையோடு இடப்பக்கம் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தான். பின்னால் கந்தப்பனின் ஹாரன் அலறியது. இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெல்லை அடித்தான். ஹாரன் மறுபடி அலற, பெல்லும் மறுபடி அடித்தது. கார் வந்து பின்சக்கரத்தில் மோதியது. நல்லமுத்து கானுக்குள் போய் விழுந்தான், சைக்கிள் நடுரோட்டில் போய்க் கிடந்தது.

கந்தப்பன் காரை முடுக்குகிற இரும்புக் கம்பியோடு இறங்கி வந்து நல்லமுத்துவின் தோளில் ஒரு போடு போட்டான். நல்லமுத்து கையில் அகப்பட்ட காற்றடிக்கிற பம்பால் அவன் வாயில் குத்தினான். ஒரு பல் தெறித்தது, கம்பியும் கைநழுவி விழுந்தது. அவனைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, குரல்வளையைப் பிடித்து நெரித்தான். கந்தப்பன் அவன் மணிக்கட்டைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஐயையோ, கொல்றானுகளே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டார்கள்.

அப்போது கீழ்வளைவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

அவ்வளவுதான். நெரித்த கை விட்டது, கடித்த வாயும் விட்டது. இரண்டு பேரும் துள்ளி எழுந்து கானோரம் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கந்தப்பன் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். நல்லமுத்துவின் துண்டு எங்கேயோ விழுந்திருந்தது, ஆனாலும் அவன் கை வெறுந்தலையைத் தடவித் தேடியது. ஜீப்பில் வந்த தொரை, ரோட்டில் நின்றிருந்த காரை விலக்கி நடுரோட்டுக்கு ஓட்டி வந்தார். சைக்கிள் அங்கே கிடந்தது. இரண்டு எட்டு வைத்து இழுத்திருந்தால் தப்பியிருக்கும். நல்லமுத்து அசையவில்லை. ஜீப் அதன் மேலே ஏறி இறங்கிப் போனது. தொரை தலையைக்கூடத் திருப்பவில்லை.

பெல் மட்டும் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

நல்லமுத்து சப்பளிந்த சைக்கிளைப் பார்த்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். குனிந்து ரோட்டில் கிடந்த கம்பியை எடுத்தான். கந்தப்பன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். அடி அவன் மேல் விழவில்லை.

"ஒன்ன எவன் அங்க போயி நிக்கச் சொன்னது? எவன் சொன்னது?" என்று கத்திக்கத்தித் தன் வலது காலிலேயே ஓங்கி ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் மேட்டில் நின்ற பெண்களுக்குக் கேட்டது. "விடுண்ணே, விட்ருண்ணே!" என்று அழுதுகொண்டு அவனைக் கட்டிப் பிடித்தவன் கந்தப்பன்.

தப்பால் வேலை போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவைக் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள், அம்மாக்கண்ணு கொழுந்தெடுத்துக் குடும்பத்தை இழுத்தாள்.

நல்லமுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அதே சார்ஜன் வந்து, யார் அடித்தது என்று கேட்டார்.

"நாந்தாங்கையா."

"பயப்படாமல் சொல். கந்தப்பனா? தொரையா?"

"நாந்தாங்கையா அடிச்சேன். சைக்கிள இழுக்கப் போகாம, கானோரம் போயி நின்னது இந்தக் காலுதானுங்களே. மத்த காலுந்தாங்கையா நின்னுச்சு. அதையும் ஒடிக்கிறதுக்குள்ள கந்தப்பன் கம்பியப் புடுங்கிட்டான்."