வாயிற்கூட்டத்துப் பெரியகருப்பன்

ஓடிப்போனாராம்! உயிருக்குப் பயந்து, பஸ் தொழிலாளர் சங்கத்து அறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியே போனாராம் பெரியகருப்பன். பார்த்தது யார்? கீரமங்கலத்தில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அடைக்கலமேரி பார்த்தாளா? அந்த அறைக்குப் பின்வாசல் என்று ஒன்று இருந்தால்தானே ஓடுவதற்கு? இருப்பது ஒரே வாசல். அதுவும் பஸ் டெப்போ கேட்டைப் பார்த்த வாசல். அதில் ஓர் எறும்பு வெளியே வந்தாலும் எதிர்த்த டீக்கடையில் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

“கொரோனா வந்தப்ப மத்தவுகள எல்லாம் வண்டியில ஏத்திவிட்டுட்டு, இவுக மட்டும் ஃபேனுக்கு அடியில ஒக்காந்திருந்தாகல்ல. அதுக்குத்தான் இப்பப் பேச நாதியில்லாமக் கெடக்காக” என்கிறாள் மேரி. பக்கத்தில் நார் கிழிக்கிறவள் இன்னும் ஒரு முழம் கூட்டிக் கட்டுகிறாள்: “ஆபீசர்மாருகிட்ட துட்டு வாங்கிட்டாராம்ல.” வாங்கியிருந்தால், கஜா புயல் பிய்த்துப்போட்ட அவர் வீட்டு ஓட்டுக்கு மேலே இன்றைக்கும் தார்ப்பாய் கிடக்குமா? தப்புச் செய்தார். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நீங்கள் சொல்கிற தப்பை அவர் செய்யவில்லை. அவர் செய்தது வேறு. அதைச் சொல்லித் திட்டுங்கள், கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஆளைப் பாருங்கள். ரிட்டயர்டு ஆகிவிட்டார். இன்னமும் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, பையில் பேனா குத்திக்கொண்டுதான் டீக்கடைக்குப் போகிறார். கடைசி பெஞ்சில் உட்காருகிறார். அவர் உட்கார்ந்ததும் மற்ற பெஞ்சில் பேச்சு நின்றுபோகிறது. முன்பெல்லாம் பேப்பரைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். இப்போது உதடு மட்டும் அசைகிறது. இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்குகிறது. போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். சென்னையிலிருந்து சங்கத் தலைவர் பேசுகிறபோது எழுந்து நின்ற பழக்கம். லோன் வேண்டுமா சார் என்று யாரோ ஒரு பிள்ளை கேட்டாலும் வேட்டியை இறக்கிவிட்டு நின்றுதான் “வேணாம்மா” என்கிறார்.

சாப்பாட்டில் உட்கார்ந்தாலும் ஒருகாலத்தில் கோரிக்கைதான். “மொதல் கோரிக்கை, கொழம்புல உப்பு இல்ல. ரெண்டாவது கோரிக்கை, அப்பளம்.” அவர் சம்சாரம் பொற்கொடி அடுப்படியிலிருந்தே பதில் சொல்லும்: “மொதலாவது ஏத்துக்கிட்டாச்சு. ரெண்டாவது பேச்சுவார்த்தையில இருக்கு.” அந்தப் பொற்கொடி இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. இவர் காலையில் ஒரு சோறு வடித்து, அதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்கிறார். உப்பு இருக்கிறதா இல்லையா என்று யாரிடம் சொல்வது?

சங்கச் செயலாளர் ஆவதற்கு முன்னால் அவர் கண்டக்டர். மீமிசல் வண்டி. மீன்காரப் பொம்பளைகள் கூடையோடு ஏறினால் மற்ற கண்டக்டர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். இவர் கூடையைப் பிடித்து ஏற்றிவிடுவார். “ஆத்தா, சாளையா, நகரையா? நாத்தத்த வச்சே சொல்றேன் பாரு” என்பார். ஓட்டுகிறவன் அய்யாக்கண்ணு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒத்துப்போவது புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துப்போவதைவிடக் கஷ்டம். இவர்களுக்கு ஒத்துப்போனது. ஒரு தூக்குவாளியில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மாப்ள என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்; எந்த வழியில் மாப்ள என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

பிறகு சங்கத்தில் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளருக்கு வண்டி டூட்டி போடுவதில்லை. இவராகக் கேட்டு வாங்கியதல்ல, அங்கே இருக்கிற வழக்கம் அது. அறையில் இருக்க வேண்டும். யாருக்கு டூட்டி மாற்ற வேண்டும், யாருக்கு மெமோ வந்தது என்று பார்க்க வேண்டும். டெப்போ கேட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் ஏறி நின்று பேச வேண்டும். அதற்குப் பெயர் வாயிற்கூட்டம். பெரியகருப்பன் நாற்காலியில் ஏறினால் மைக் வேண்டாம்.

கஜா அடித்த வருஷம் தென்னை சாய்ந்தது, ஓடு பறந்தது, வீடு விழுந்த டிரைவர் கண்டக்டர்கள் எப்படி டூட்டிக்கு வருவார்கள்? வராதவர்களுக்கு ஆப்செண்ட் போட்டார்கள். பெரியகருப்பன் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். நின்றது நின்றபடி சென்னைக்குப் போன் போட்டார். “ஆச்சு கருப்பா, ஆர்டர் வந்துரும்” என்றார் தலைவர். ஆர்டர் வருகிறவரைக்கும் இவர் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே நாற்காலியில் ஏறி, வெற்றி வெற்றி என்று சொல்லி, எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். ஆர்டர் பிறகு வந்தது. ஆட்டுக்குப் பின்னால் குட்டி வருகிற மாதிரி, அதற்கப்புறம் வாயிற்கூட்டம் முன்னால் போகும், ஆர்டர் பின்னால் வரும். பலமுறை வந்தது. அதனால் அது வழக்கமாகிப்போனது. பெரியகருப்பன் நாற்காலியில் சொல்லிவிட்டால் அது ஆர்டர்தான் என்று டெப்போவே நம்பியது. அவரும் நம்பினார்.

இரண்டாவது தடவை நோய் வந்தது பாருங்கள், வீட்டுக்கு வீடு ஆம்புலன்ஸ் நின்றதே, அப்போதும் வண்டி ஓடியது. ஆளுக்கு ஒரு துணி மாஸ்க், உள்ளங்கைக்குள் அடங்குகிற சானிடைசர் பாட்டில், அதைக் கொடுக்கிறபோது ஒரு போட்டோ. அவ்வளவுதான் பாதுகாப்பு. ஐம்பது வயது தாண்டியவர்களையும் சர்க்கரை இருக்கிறவர்களையும் வண்டியில் ஏற்ற வேண்டாம், டெப்போவுக்குள்ளேயே வேலை கொடுங்கள் என்று ஆட்கள் கேட்டார்கள். அய்யாக்கண்ணுக்கு இரண்டும் இருந்தது. மெடிக்கல் லீவுக்கு எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

பெரியகருப்பன் சென்னைக்குப் போன் போட்டார்.

“பேசிட்டேன் கருப்பா. ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள்ல ஆர்டர் வந்துரும். தோழர்கள்கிட்ட சொல்லிரு.”

சொல்லிவிட்டார். கேட்டில் நாற்காலி போட்டு, ஆட்களைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்துச் சொன்னார். மாஸ்குக்குள்ளிருந்து வந்த கோஷம் போர்வைக்குள் இருமுகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் வெற்றி வெற்றிதானே. கூட்டம் கலைந்ததும் அய்யாக்கண்ணு அந்த லீவுத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தான்.

“நீ சொல்லிட்டீல்ல மாப்ள, அப்பறம் லீவ எதுக்கு வீணாக்கணும்? பேரன் காதுகுத்துக்கு ஆகும்.”

இரண்டு நாள் போயிற்று. நாலு நாள் போயிற்று. ஊரடங்கு போட்டார்கள், மற்ற வண்டியெல்லாம் நின்றது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களைப் புதுக்கோட்டைக்கு ஏற்றிப்போகிற ஸ்பெஷல் மட்டும் ஓடியது. டூட்டிப் பலகையில் அந்த வண்டிக்கு அய்யாக்கண்ணு பேர். அவன் நேரே சங்கத்து அறைக்கு வந்தான்.

“என்ன மாப்ள, ஒங்க ஆர்டர் நடந்து வருதா, வண்டி புடிச்சு வருதா?”

“வந்துரும்டா. ரெண்டே ரெண்டு நாள் ஓட்டிரு.”

“மறுபடி லீவு எழுதிக் குடுத்துரவா?”

“இப்பப் போயி நீயே லீவு போட்டீன்னா, சங்கம் சொன்னத கூட இருக்குறவனே நம்பலன்னு ஆயிரும். நான் நாற்காலியில நின்னு சொல்லிருக்கேன்டா.”

அய்யாக்கண்ணு தலையைச் சொறிந்தான். “சரி, நீ சொன்னா சரி” என்று போய் வண்டியில் ஏறினான்.

பெரியகருப்பன் செய்த தப்பு இதுதான். ஒளிந்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. சொன்ன சொல் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அதற்கு ஓர் ஆளை முட்டுக்கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் போன் போட்டார். தலைவர் முதல் நாள் எடுத்தார். “சம்பள ஒப்பந்தம் பேசப்போற நேரம் கருப்பா. இதப் பெருசா எழுப்புனா அது கெட்டுப்போயிரும். தோழர்களக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.” அடுத்த நாள் தலைவரின் உதவியாளர் எடுத்தார். அதற்கு அடுத்த நாள் மணி மட்டும் அடித்தது. அறைக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். சாயங்காலத்தில் அவரும் கொடிக்கம்பும் மட்டும் இருந்தார்கள். அய்யாக்கண்ணுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள், மூச்சுத் திணறல் என்றார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, முடிந்துபோனது.

சங்கத்து ஆள் செத்தால் சங்கக்கொடி போர்த்துவது முறை. பெரியகருப்பன் கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மீமிசல் பக்கம் அவன் ஊருக்குப் போனார். டெப்போவிலிருந்து வேறு யாரும் வரவில்லை, வரவும் விடவில்லை. உடம்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முகம் தெரியாமல் உடுப்புப் போட்டவர்கள் இறக்கினார்கள். கொடியைப் போட அவர்கள் சம்மதிக்கவில்லை. இவர் சுடுகாட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார். அய்யாக்கண்ணு பெண்டாட்டி முத்துமாரியம்மாள் தூரத்தில் வேப்பமரத்தடியில் இருந்தது, இவரைப் பார்த்து எழுந்தது. மண்ணை வாரித் தூற்றப்போகிறது என்றுதான் நினைத்தார். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணே, அந்த ஆர்டரு வந்துருச்சா?”

அதன் முகத்தில் கோபமே இல்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போறப்பக் கூட, மாப்ள சொல்லிட்டான், இனிமே வண்டிக்குப் போக வேணாம்ன்னு சொல்லிக்கிட்டே போனாக. வந்துருச்சாண்ணே?”

“இன்னும் வரல தாயி” என்றார்.

மறுநாள் சென்னையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். தலைவரே பேசினார். “கேள்விப்பட்டேன் கருப்பா, ரொம்ப வேதனை. அவர் போட்டோ ஒண்ணு அனுப்பு. கேட்டுல ஃப்ளெக்ஸ் வச்சிருவோம். என் படம் ஆபீஸ்ல கேளு, புதுசா எடுத்தது இருக்கு, தருவாங்க.”

“ஆர்டர் என்னாச்சுங்க தலைவரே?”

“அதான் பேச்சுவார்த்தையில இருக்கே.”

பெரியகருப்பன் போட்டோவை அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழைய கண்டக்டர் காக்கி இருந்தது. பொற்கொடி அப்போது ஊரில்தான் இருந்தது. “இது எதுக்கு இப்ப?” என்று கேட்டது. அவர் சட்டையை எடுத்து உதறினார். பொற்கொடி அதை வாங்கித் தேய்த்துக் கொடுத்தது.

விடிந்ததும் காக்கியில் வந்தார். வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை. துணைச் செயலாளர் முன்னால் அறைச் சாவியை வைத்தார். “அண்ணே, கோவத்துல செய்யாதீங்க, மேல என்ன சொல்லுவாங்க” என்று அவன் எழுந்தான். அவனைத் தாண்டி அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் மேரியிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டூட்டி எழுதுகிற ஜன்னலில் குனிந்தார்.

“ஆஸ்பத்திரி வண்டிக்கு என் பேர எழுதுப்பா.”

“ஒங்களுக்கா? அம்பத்தேழு ஆச்சேண்ணே. பிரஷர் வேற இருக்கு. வேணாம்ணே.”

“எழுது.”

கேட்டருகே நின்ற கண்டக்டர்களில் ஒருவன் உரக்கவே சொன்னான்: “என்னண்ணே, காக்கியெல்லாம் பலமா இருக்கு! போட்டோவுக்கு ஆளு வருதோ?” இன்னொருத்தன் சிரித்தான். நேற்றுவரைக்கும் அவர் பேச்சுக்குக் கைதட்டியவர்கள். அவர் திரும்பவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள், மரியாதையா, நோய்க்குப் பயமா என்று தெரியவில்லை.

வண்டியில் நர்சுகள் ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அய்யாக்கண்ணு இடத்தில் வேறொரு பையன். பெரியகருப்பன் பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தார். விசிலுக்காகச் சட்டைப் பையில் கைவிட்டார். விசில் இல்லை, அதை வைத்துக்கொண்டு பல வருஷமாகிவிட்டது. முன்னால் பையன் கண்ணாடியில் பார்த்தபடி காத்திருந்தான்.

பெரியகருப்பன் மாஸ்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டித் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.