மந்தைக்கரட்டுத் தெரசா

“யோவ் கண்டக்டரு, முட்டாத! எறங்கறவங்க மொதல்ல எறங்கட்டும்!” என்று ஒரு கிடாவை அதட்டிக்கொண்டே தெரசா குனிந்து ஒரு கல்லைப் பெயர்க்கிறார். அதை இடுப்பில் இடுக்கிச் சரிவில் இறங்கி, மழைநீர் அரித்த பள்ளத்துக்குக் குறுக்கே வைத்து, மேலேறி நின்று மிதித்துப் பார்க்கிறார். கல் ஆடவில்லை. அடுத்ததைத் தேடுகிறார்.

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற பஸ்ஸில் சன்னலோரம் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். வெயிலுக்கு முக்காடு, அதன்மேல் கணவரின் பழைய கம்பெனித் தொப்பி. கணவர் ஆரோக்கியராஜ் ஓசூரில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத்தான் ஊருக்கு வருவார். தெரசாவின் ஆடுகளுக்கு ஊர்க்காரர்களின் சாயலில் பெயர் உண்டு. கூட்டத்தை முட்டித்தள்ளி முன்னும் பின்னும் ஓடுகிறவன் கண்டக்டர். அடிக்கடி நின்று மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கிற செம்மறி டீச்சர். எந்நேரமும் நிழலில் படுத்திருப்பவன் மாப்ளை. “மாப்ளைன்னு கூப்புட்டா எங்க வூட்டுக்காரரும் திரும்பிப் பாக்குறாருங்க” என்று சொல்லி, தானே முதலில் சிரித்துவிடுவார்.

தெரசா கல் அடுக்கும் அந்தக் குன்று, ஊருக்குப் பொதுவான மந்தைக்கரடு. ஊர் ஆடெல்லாம் ஒரே சரிவில் ஆண்டு முழுவதும் மேய்ந்து, புல்லை வேரோடு கடித்துவிட்டன. பெய்த மழை மண்ணை வழித்துக்கொண்டு ஏரிக்குப் போனது. மிஞ்சியது சரளைக்கல்லும் ஆடு தொடாத நச்சு உண்ணிச்செடியும். மழை பொய்த்த ஒரு கோடையில் பசி தாங்காமல் தெரசாவின் செம்மறிகள் அந்த உண்ணிச்செடியையே தின்றன. கண் மஞ்சளாகி, முகம் வீங்கி, தாயாடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. குழி தோண்டிய இடத்திலும் சரளைதான். கடப்பாரை இறங்கவில்லை. அன்றைக்குத்தான் தெரசாவுக்கு ஆத்திரம் ஆடுகளின் மேலிருந்தும் வானத்தின் மேலிருந்தும் விலகி, கரட்டின் பக்கம் திரும்பியது.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். “பாதிக் கரட்டை அடைச்சிரலாம்ங்க. ரெண்டு மழைக்கு ஒரு ஆடும் ஏற வேண்டாம். புல்லு வெதை வுட்டு உதுந்தாத்தான் திரும்ப மொளைக்கும்.”

ஊரிலேயே பெரிய மந்தை காளியப்பனுடையது. அவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினார். “ஏம்மா தெரசா, உன்னுது நாலு ஆடு, சமாளிச்சிருவ. என்னுதுங்க எங்க போவும்? என் வூட்டுக்குள்ளயா மேயும்?”

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் ஆடுகளைச் சாகக் கொடுத்த வீடுகள் வேறும் இருந்தன. பெண்கள் அவர் பக்கம் சேர்ந்தார்கள். முணுமுணுப்போடுதான் ஊர் ஒப்புக்கொண்டது. முள் வெட்டி வேலி போட்டார்கள். பள்ளங்களுக்குக் குறுக்கே கல் அடுக்கும் வேலையைத் தெரசா தாமாகவே எடுத்துக்கொண்டார்.

முதல் மழைக்கு, கல்லணைகளுக்குப் பின்னால் மண் தங்கியது. அதில் கொழுக்கட்டைப் புல் ஊசி ஊசியாய்த் தலைகாட்டியது. அதற்குள் வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. திறந்துவிட்ட பாதிக் கரடு மொட்டையானது. ஒரு காலை, விலா எலும்பு தெரிகிற தன் மந்தையை ஓட்டிக்கொண்டு காளியப்பன் வேலியடிக்கு வந்தார். முள்ளை இழுக்கக் கை வைத்தார்.

தெரசா ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“நகுரும்மா. வாயில்லாத சீவனுங்க. எம்முன்னாலேயே சாவுதுங்க.”

“தெரியுதுங்ண்ணா. நகர மாட்டேன். ஆனா வாங்க, எம்பின்னால ஓட்டிட்டு வாங்க.”

கரட்டடியில் தெரசாவின் கொல்லை. பூவும் பிஞ்சுமாக நின்றது கொள்ளு. வீட்டின் கஞ்சியும் அவருடைய ஆடுகளின் பனிக்காலத் தீனியும் அதுதான். தெரசா படலைத் தூக்கி ஓரமாகப் போட்டார். மந்தை உள்ளே பாய்ந்தது.

காளியப்பன் வரப்பிலேயே நின்றுவிட்டார். “அய்யோ, இது உன் வெள்ளாமைம்மா!”

“கொள்ளு அடுத்த வருசம் வெதைச்சுக்கலாம்ங்க. கரட்டுல இப்பத்தான் புல்லு கண்ணு தொறக்குது. அதைக் கடிச்சிட்டா மறுபடி கல்லுதான்.” திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடந்தார். சேதி கேட்டு ஆரோக்கியராஜ் போனில் கத்தினார். “புல்லு வரட்டும். அப்பறம் நேர்ல வந்து நல்லா திட்டுங்க” என்று தெரசா போனை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வேலிக்குக் காவல் காளியப்பன். பக்கத்து ஊர் மாடு எட்டிப் பார்த்தாலும் அவர் போடுகிற சத்தம் பஸ் ரோடு வரை கேட்கும். அந்த ஆண்டு தெரசா வீட்டுக்குக் கொள்ளும் காளியப்பன் வீட்டிலிருந்தே வந்தது.

இரண்டாவது மழை ஏமாற்றவில்லை. கரடு முட்டி உயரத்துக்கு எழுந்தது. பள்ளங்களில் தெளிந்த தண்ணீர் நின்றது, காடைகள் வந்தன. போன தை மாதம், விதை உதிர்ந்து முடிந்ததும் ஊரே கூடி முள்ளை இழுத்துப் போட்டது. ஆடுகள் உள்ளே போனதும் முதுகுதான் தெரிந்தது. குட்டிகளைக் காணவில்லை, மணிச்சத்தம் மட்டும் புல்லுக்குள் அலைந்தது. அன்றே எதிர்ப்பாதியை அடைப்பது என்று முடிவானது, ஒருவரும் மறுக்கவில்லை. ஆரோக்கியராஜ் லீவு போட்டு வந்திருந்தார், திட்டத்தான் மறந்துவிட்டார்.

“எங்கம்மா போய்ட்ட?” என்று காளியப்பன் கூட்டத்தில் தேடினார். புல்லுக்குள்ளிருந்து தெரசா எழுந்து வந்தார், முகமெல்லாம் சிரிப்பு, கையில் கதிர் முற்றிய கொழுக்கட்டைப் புல் ஒரு கொத்து. நேராக அவரிடம் போய், எட்டி, அவர் தலைப்பாகையில் அதைப் பூவைப் போலச் செருகிவிட்டார்.