போடிமெட்டுக்கு மேலே, பிஞ்சைத் தொடாமல்

காலை நான்கரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக மடிக்கணினியைப் போடி விடுதி அறையின் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதை நினைக்காமல் ஒரு சனிக்கிழமையாவது போகட்டும் என்றுதான் செப்டம்பரில் இந்தப் பயணம்.

விஷயம் இதுதான். டிஎன்ஏ சுற்றி வைக்கப்பட்டிருக்கும் குரோமாட்டினில் ஒட்டும் இரண்டு புரதங்கள். அக்கா தங்கை போல ஒரே சாடை. ஒன்று புற்றுநோய் உயிரணுக்களுக்குத் துணைபோகிறது, அதைத் தடுக்க வேண்டும். மற்றது நல்ல உயிரணுக்களுக்குத் தேவை. தடுப்பதற்காக நாங்கள் வடிவமைத்த பெப்டைடுகளில், அதாவது குட்டிப் புரதத் துண்டுகளில், முதலாவது மிக இறுக்கமாகப் பிடிக்கிறது, ஆனால் இரண்டையும். பதினான்காவது தளர்வாகப் பிடிக்கிறது, வேண்டியதை மட்டும். ஒன்றைத்தான் மேற்கொண்டு கொண்டுபோக முடியும். குழுவில் எல்லோருக்கும் முதலாவதன் மேல்தான் ஆசை. எனக்கும்தான், நான்கு வருடம் அதோடு வாழ்ந்திருக்கிறேன்.

ஆறு மணிக்குத் தோட்டத் தொழிலாளர்கள் போகும் ஜீப்பு. ஆளுக்கு நூறு ரூபாய். போடிமெட்டுக்கு ஏறத்தாழ இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்.

“வாந்தி வருமாக்கா?” என்றார் ஓட்டுநர்.

“தெரியலண்ணே.”

“அப்ப ஓரமா ஒக்காருங்க. ஜீப்பக் கழுவுற சோலி எனக்கு வேணாம்.”

வரவில்லை. ஏழே முக்காலுக்கு, மெட்டைத் தாண்டி இருக்கும் தோழியின் ஏலத்தோட்டத்தில் இருந்தேன். அவள் முன்பே சொல்லி வைத்திருந்ததால், காய் எடுக்கும் செல்வி என்னிடமும் ஒரு வாளியைக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது; குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். முத்தியதும் பிஞ்சும் ஒரே சரத்தில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பச்சையில்.

அரை மணி கழித்துச் செல்வி என் வாளியை எட்டிப் பார்த்தார். “பாதி பிஞ்சால்ல கெடக்கு. படிச்சவுகன்னு சொன்னாக.”

“ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?”

“இந்தப் பிடி பிடிச்சா எல்லாந்தான் வரும். செடியே கையோட வந்துரும்போல. சும்மா தொட்டு இழுங்கக்கா. முத்துனது வந்துரும், பிஞ்சு நின்னுக்கிரும்.”

பக்கத்துச் செடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்.

அதன்பின் வாளி மெதுவாகத்தான் நிறைந்தது. பிஞ்சு அரிதாகத்தான் விழுந்தது. அலமாரியில் பூட்டியதெல்லாம் வீண். ஆய்வுக்கூடம் கூடவே வந்து குந்தியிருந்தது. இரண்டு புரதங்களுக்கும் பொதுவான குழியில் அழுந்திக்கொள்வதால்தான் முதலாவதற்கு அந்த இறுக்கம். பதினான்காவது, அவை வேறுபடும் ஓரத்தைத் தொடுகிறது. அளவீடுகள் மாதக்கணக்காக இதைத்தான் சொல்கின்றன. நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘பலவீனமானது’. ஏலக்காய் புரதமல்ல, தெரியும். ஆனால் இறுக்கத்தைப் பார்த்து மயங்கிய கை என்னுடையதுதான்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், மூடிய காலணி நல்லது. உரிமையாளர் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள், மஞ்சு மூடினால் வளைவுகள் தெரியாது.

திங்கட்கிழமை நான் பதினான்காவதைத்தான் சொல்லப் போகிறேன். முதலாவதை நிறுத்துகிறோம். குழுவில் யாருக்கும் இன்னும் தெரியாது. அதனால் இந்தப் பதிவைத் திங்கள் மாலை வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறேன்.