அத்தையின் காற்றுப்பெட்டி

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, எங்கள் வீட்டு முன்னறையில் நடக்க வழியில்லாமல் ஒரு மாதம் கிடந்தது அத்தையின் காற்றுப்பெட்டி. அத்தை அப்பாவின் தங்கை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் நிறைந்த எங்கள் ஸ்கெலட்டனிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறது என்பதுதான் அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட். கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் அவள் முறை வர நாளாகும் என்றதால், வீட்டிலேயே சின்னதாக ஒன்று கட்ட ஆரம்பித்துவிட்டாள். சுரங்கம் என்று கேட்டதும் பக்கத்து வீட்டுத் தாத்தா எத்தனை அடி ஆழம் என்று விசாரித்தார்.

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் அந்தச் சுரங்கம். ஒரு முனையில் காற்றை இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன். மறுமுனையில், காற்று நேராக வரட்டும் என்று, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராக்களை நெருக்கி அடுக்கியிருந்தாள். பக்கவாட்டில் கண்ணாடி. நடுவில் தெர்மாகோல் இறக்கை. புகை பளிச்சென்று தெரிவதற்காக அதற்குக் கறுப்புப் பெயின்ட்.

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள். இறக்கையின் மூக்கை மெல்ல மெல்லத் தூக்கினால், ஒன்பது டிகிரியில் காற்று அதன் முதுகை விட்டுப் பிய்த்துக்கொண்டுவிடும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. பெட்டியிலும் அப்படியே வரவேண்டும். திங்கட்கிழமை கல்லூரியில் காட்டியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை ஊதுபத்தி ஏற்றினாள். புகை இறக்கையின் முதுகில் பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு போனது. ஒன்பது டிகிரி வந்தது, புகை விடவில்லை. பத்து, பதினொன்று, அப்போதும் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. பன்னிரண்டைத் தாண்டித்தான் கலைந்தது. நான் கைதட்டினேன். அத்தை முகம் சுண்டிப்போயிற்று.

ஃபேனைக் கழற்றி மாட்டினாள். ஸ்ட்ராக்களை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் கணக்கை மறுபடி ஓட்டினாள். பாதியில் கரண்ட் போனது. மறுநாள் காலையில், பெட்டியையே பிரித்துவிடப்போவதாக அம்மாவிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. அப்போதுதான் நான் செய்து வைத்த வேலை எனக்கு உறைத்தது.

முந்தின இரண்டு இறக்கைகளும் ஒடிந்துபோயிருந்தன. மூன்றாவதை வெள்ளிக்கிழமை லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்து வாய் பிளந்தார்கள். அத்தனை கண்ணும் பட்டால் இதுவும் ஒடியாதா? அம்மாவின் பொட்டு அட்டையை எடுத்து, குழந்தைக்கு வைப்பதுபோல் அதன் மூக்குக்குச் சற்று மேலே ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். இறக்கையோ நீளம். ஒன்று போதாதென்று அட்டை முழுவதையும் வரிசையாக ஒட்டிவிட்டேன். கறுப்பில் கறுப்பு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அழுதுகொண்டே சொன்னேன். அத்தை இறக்கையை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இது! எத்தினி வச்ச?"

ஒவ்வொன்றாக உரித்துவிட்டு மறுபடி ஊதுபத்தி ஏற்றினாள். சரியாக ஒன்பது டிகிரியில் புகை பிய்த்துக்கொண்டது. அம்மா, "அப்பாடா" என்று அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். நான் முதுகை வளைத்துக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன்.

"அண்ணி, இன்னொரு அட்டை பொட்டு இருந்தா குடுங்க!" என்று அத்தை கத்தினாள்.

அன்று முழுவதும் திருவிழாதான். பொட்டு வைத்தால் பன்னிரண்டு, எடுத்தால் ஒன்பது. ஒரு வரிசை, இரண்டு வரிசை, நடு முதுகில், வால் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி ஒட்டினோம். சொரசொரப்பு பட்டால் காற்று கலங்கி, கலங்கிய காற்று இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது என்று என்னவோ சொன்னாள். என்னைத் தூக்கிச் சுற்றினாள். வீடெல்லாம் கோயில் வாசனை. அம்மா கடைசியில், "நெத்திக்கு ஒண்ணாவது மிச்சம் வைங்கடி" என்று கெஞ்சினாள்.

நான் தப்பித்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் காலையிலேயே கம்ப்யூட்டர் சொன்ன ஒன்பது அச்சாக வந்துவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் அத்தை ஏன் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தாள் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.