சித்தன்னவாசலில் ஒரு சாவி சரிபார்ப்பு

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் கிரானைட் அறுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். மெஷினை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். அதன் வேலைகளை முறைப்படுத்தும் அடிப்படை மென்பொருளாகச் சாதாரண லினக்ஸ் கெர்னலைப் போட்டால் 'இதோ வாரேன்' என்று சொல்லிவிட்டுத் தன் சௌகரியத்துக்கு வரும். அதற்குள் பிளேடு கோட்டைத் தாண்டிக் கல் வீணாகிவிடும். சொன்ன நொடியில் வேலை செய்யும் ரியல்-டைம் கெர்னலை, நிறுவத் தயாரான பேக்கேஜாக நான்தான் செய்து கொடுப்பேன்.

ஒவ்வொரு தடவையும் மெஷின் எச்சரிக்கும்: தெரியாத ஆளின் கையெழுத்து, தொடரவா? அவர் ஆமாம் என்பதற்கான 'ஒய்' தட்டிக்கொண்டே, "ஒன்னைய நம்ப முடியாதுன்னு மெஷினே சொல்லுது பாரு" என்பார். பிறகு உடைந்த கல்லொன்றை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார். என் சாவியை நம்பு என்று ஒரே வரியில் நானே அதற்குச் சொல்லிவிடலாம். எனக்கு நானே நற்சான்றிதழ் எழுதிக்கொள்வதா? மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

சாவி என்பது என் கம்ப்யூட்டரிலுள்ள ரகசியக் கோப்பு. அனுப்பியது நான்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. என் பேக்கேஜ் இணையத்திலுள்ள பொதுக் களஞ்சியத்துக்குப் போய், எந்த ஊர்ப் பட்டறையும் அதைப் பயமில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குக் களஞ்சியக் குழுவில் இருக்கும் ஒருவர் என்னை நேரில் பார்த்து, என் சாவிக்குச் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். வீடியோ கால் செல்லாது. எங்கள் பக்கம் அப்படி யாருமே இல்லை. காத்துக் காத்து அலுத்துப்போனேன்.

ஒருநாள் குழுவைச் சேர்ந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வருவதாக எழுதினார். ஓடினேன். டீக்கடையில் என் பாஸ்போர்ட் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுத்தும் இலக்கமும் கலந்த என் சாவியின் அடையாள எண்ணை அச்சடித்த தாளை நீட்டினேன்.

"இதை எங்கீங்க பிரிண்ட் எடுத்தீங்க?"

"பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையிலங்க. வாட்ஸ்அப்ல அனுப்பி எடுத்தேன்."

எங்கள் ஊரில் ஆதார் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாமே அப்படித்தான். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டார். "யாரோட கம்ப்யூட்டர்லயோ புகுந்து வந்த தாளுங்க, நடுவுல யாராச்சும் எண்ணை மாத்தியிருக்கலாம். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதோட ஒத்துப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. சுரீரென்றது. சாயங்காலம் அவர் கிளம்பிவிடுவார். இனி இந்தப் பக்கம் யார் வருவார்கள்? வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, என் கம்ப்யூட்டரைத் திறந்து சாவியின் எண்ணை வாசிக்கச் சொன்னேன்.

"பிஸ்கட்டுக்கு வர்ற பி, ஏழு, டாக்டருக்கு வர்ற டி..." பாதியில் நிறுத்தினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒத்துப்போச்சுன்னு சொல்லிட்டு வாம்மா, வேல கெடக்கு."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். "நீங்க அளக்காமக் கல்லை அறுப்பீங்களா? மொதல்லருந்து வாசிங்க."

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர் முதலிலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். அத்தனையும் ஒத்துப்போனது. கோயம்புத்தூர்க்காரர் சிரித்துவிட்டார். "வீட்டுக்குப் போயி கையெழுத்துப் போட்டு அனுப்பறேனுங்க."

அனுப்பினார். குழுவும் என்னைச் சேர்த்துக்கொண்டது. என் அடுத்த பேக்கேஜ் களஞ்சியத்துக்குப் போனது.

பட்டறையில் அதை இறக்கும்போது வீட்டுக்காரர் 'ஒய்' மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். எச்சரிக்கை வரவேயில்லை.

"என்னம்மா, இன்னைக்கி ஒண்ணுமே கேக்கல?"

"இனிமே கேக்காதுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆட்களிடம் நல்ல கல்லை ஏற்றச் சொன்னார்.

"வேணாம்," என்றேன். "அனுப்புனது நான்தான்னு மட்டுந்தான் அந்தக் கையெழுத்து சொல்லும். தப்பில்லாமச் செஞ்சேனான்னு அதுக்குத் தெரியாது. ஒடஞ்ச கல்லையே ஏத்துங்க."

சிரித்துக்கொண்டே ஏற்றினார். பிளேடு கோடு பிசகாமல் அறுத்தது.