பொன்மணி அக்காவின் செவலை

தீப்பெட்டி ஆபீஸ் வேலை போனபின், பொன்மணி அக்கா மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விடுகிறார். கீழே அவருக்கு அடுத்த போர்ஷனில் குடியிருக்கும் நான்தான் இணையத்தில் விளம்பரம் போட்டேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. 'வளர்ப்பு நாய்களுக்கும் இடமுண்டு' என்று மிடுக்காகவே எழுதினேன்.

சென்னைக் குடும்பமொன்று சடைநாயோடு வந்தது. அக்காவின் நாட்டுநாய் செவலையைக் கண்டதும், "இதக் கட்டிப் போடுங்க, எங்க பாப்பா பயப்படுது" என்றார்கள். பாப்பா என்றது அவர்கள் நாயை.

செவலை கயிறே அறியாதது. "நாளைக்குப் போயிருவாவ, பொறுத்துக்கலே" என்று கெஞ்சியபடி அக்கா அதை வெயிலில் முருங்கையோடு கட்டினார். மாடியில் பாப்பா ஏசி போட்டுத் தூங்கியது.

அவர்கள் போனதும் அவிழ்த்துவிட்டு, "உள்ள வாலே" என்று சோற்றைக் காட்டினார். செவலை வாசலிலேயே நின்றது.

"பாத்தீங்களா தம்பி, சொந்த வீட்டுக்குள்ள வர யோசிக்குது!"

என் போனில் அடுத்த ஆட்கள் பதிவு செய்திருந்தார்கள், நாயோடுதான். சொன்னேன். அக்கா கயிற்றை முருங்கையிலேயே விட்டுவிட்டார்.